தோட்டத்துக் குன்றில் ஓர் இரவு: சைக்கிளில் ஏறி, படுத்து, இறங்கி வரத் திட்டமிடுவது எப்படி

சனிக்கிழமை பிற்பகல் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் புறப்பட்டு, செம்பனையும் பால்மரமும் மாறி மாறி வரும் செம்மண் சாலைகளில் 20, 25 கி.மீ. மிதித்து, 200 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்றில் படுத்து எழுந்து, ஞாயிறு காலை பசியாற டவுனுக்குத் திரும்பிவிடலாம். விலையுயர்ந்த சைக்கிளும் வேண்டாம், ஒரு வார லீவும் வேண்டாம். ஆனால் பலர் இந்தத் திட்டத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் பை வாங்குகிறார்கள், பிறகு வழி பார்க்கிறார்கள், எங்கே படுப்பது என்பதை இருட்டிய பிறகு யோசிக்கிறார்கள். படுக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். எந்த இடம், யாருடைய நிலம், எத்தனை மணிக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும், கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது, இந்த நான்குக்கும் விடை தெரிந்த பிறகு பையைப் பற்றிப் பேசலாம்.

எந்தக் குன்று

பீடோங்கில் நின்று வடமேற்கே பார்த்தால் கண்ணை நிறைப்பது குனோங் ஜெராய், 1,217 மீட்டர். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற மலை. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் மண் இதன் அடிவாரம். அதனால் எல்லாருக்கும் முதல் ஆசை அங்கேதான் போகும். முதல் பயணத்துக்கு அதை விட்டுவிடுங்கள். மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போய்த் தங்கக்கூடாது. குரூண் பக்கமிருந்து ஏறும் தார்ச்சாலை நீளமானது, செங்குத்தானது. சுமையோடு இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். உச்சியில் வெயில் நாளில்கூட மேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2021 ஆகஸ்ட் 18 அன்று இந்த மலையில் கொட்டிய மழை யான் மாவட்டப் பக்கம் திடீர் வெள்ளமாக இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. கீழே தூறல்கூட இல்லாதபோதும் மேலே பெய்த மழை ஆற்றில் ஒரே சுவராக வரும். மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயேர்’ என்கிறார்கள். அருவிக்கரையிலும் ஆற்று மணலிலும் படுக்காதீர்கள் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

உங்களுக்கு வேண்டியது தோட்டத்துக்குள்ளேயோ எல்லையிலோ இருக்கும் 100 முதல் 250 மீட்டர் குன்று. தண்ணீர்த் தொட்டிக்கோ தொலைபேசிக் கோபுரத்துக்கோ போட்ட சாலை உச்சிவரை போயிருந்தால் நல்லது. வரைபடத்தில் சமவுயரக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கி.மீ. தூரத்தில் 80 மீட்டர் ஏறினால் 8 சதவீதம். சுமையோடு மெல்ல மிதித்துவிடலாம். 150 மீட்டர் ஏறினால் 15 சதவீதம். செம்மண்ணில் அதைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். தள்ளுவதில் வெட்கப்பட எதுவுமில்லை, நேரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள். 200 மீட்டர் ஏற்றத்தைத் தள்ளி முடிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

பயணத்துக்கு முந்தைய ஞாயிறு, சுமையில்லாமல் ஒருமுறை அதே வழியில் போய்ப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தோட்டச் சாலை இன்று இருக்கிறது என்று சொல்லமுடியாது. மறுநடவு வந்தால் தீம்பாருச் சாலை, அதாவது மரம் நட்ட பகுதிக்குள் போகும் சாலை, முழுவதும் மாறிவிடும். டிரேனுக்கு (வடிகாலுக்கு) மேல் போட்ட பலகைப் பாலம் போயிருக்கும். வாரக்கடைசியில் சில கேட்டுகளுக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். அன்றே நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசிக் கடை, கடைசிக் குழாய், போனில் சிக்னல் நிற்கும் கடைசி இடம், மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது

தோட்டம் தனியார் நிலம். இரவில் செம்பனைப் பழத் திருட்டு நடப்பதால், மேட்டில் ஒரு விளக்கு அசைந்தாலே காவலுக்கு இருப்பவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் செய்வது சரி. அனுமதி வாங்குவது உங்கள் வேலை. வேலை நாளில் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கிராணியை (எழுத்தரை) பாருங்கள், அவர் மேனேஜரிடம் கொண்டுபோவார். சனிக்கிழமை பிற்பகல் ஆபீஸ் பூட்டியிருக்கும் என்பதால் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள். ஒரு பக்கத்துக் கடிதம் போதும்: பெயர், அடையாள அட்டை எண், போன் எண், எத்தனை பேர், எந்தக் கேட் வழியாக எத்தனை மணிக்கு நுழைந்து எத்தனை மணிக்கு வெளியேறுகிறீர்கள், எந்தத் தீம்பாரில் படுக்கிறீர்கள், தீ மூட்டமாட்டோம், குப்பையைத் திரும்ப எடுத்துவருவோம். ஒப்புதல் கிடைத்தால் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் கொடுங்கள்.

ஜாகா தமிழராக இருந்தால் சுருக்கமாகச் சொன்னால் போதும்: “அண்ணே, ஆபீஸ்ல கேட்டுட்டோம். ரெண்டு பேரு, ரெண்டு சைக்கிள். காலையில எட்டரைக்கு இதே கேட்டுல வெளிய போயிடுவோம்.” மலாய்க்காரராகவோ நேப்பாளியாகவோ இருந்தால்: “மாலாம் இனி காமி தீடூர் ஆத்தாஸ் புக்கிட், ஏசோக் பாகி கெலுவார்.” (இன்றிரவு குன்றின் மேல் படுக்கிறோம், நாளைக் காலை வெளியேறுவோம்.) இரவில் அவர் விளக்கடித்து வந்தால் உங்கள் விளக்கை அவர் முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்து, முதலில் குரல் கொடுங்கள்.

குன்றடியில் முனீஸ்வரர் கோயிலோ காளியம்மன் கோயிலோ இருந்தால், பூசாரியிடம் கேட்டால் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். மழைக்கு ஒதுங்கவும் மண்டபம் உதவும். கேட்காமல் உள்ளே சைக்கிளை ஏற்றிப் பாய் விரிப்பது முறையல்ல.

மாதமும் மணியும்

கெடாவில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் காய்ந்த மாதங்கள், மார்ச் தொடக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடைப்பட்ட நிலை. ஆனால் அது டுரியான் காலமும்கூட. பழம் பெரும்பாலும் இரவில் விழும். டுரியான் மரத்தடியில் படுப்பது தலைக்கு ஆபத்து. தோப்புக்காரர்களும் அந்த நாள்களில் இரவெல்லாம் காவல் இருப்பார்கள்.

இந்தப் பக்கம் சூரியன் மறைவது நவம்பரில் 7 மணிக்குச் சற்று முன்னால், ஜூலையில் 7.35ஐ ஒட்டி. அதன்பின் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும், இங்கே நீண்ட அந்தி கிடையாது. படுக்கும் இடத்துக்கு மறைவுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். கூடாரத் துணி கட்ட அரை மணி, சமைக்க அரை மணி, ஏதாவது தப்பாகிப் போனால் சரிசெய்ய மீதி ஒரு மணி. ஜனவரியில் மறைவு 7.25 என்று வைத்தால் உச்சியில் 5.25க்கு இருக்கவேண்டும், அடிவாரத்தில் 4.25க்கு. சுமையோடு செம்மண்ணில் மணிக்கு 10 முதல் 12 கி.மீ.தான் ஓடும். ஆகவே 20 கி.மீ. வழிக்கு டவுனிலிருந்து 2.15க்குப் புறப்படவேண்டும். 6 மணிக்கும் அடிவாரத்தை எட்டவில்லை என்றால் அன்று ஏறவேண்டாம். குறித்து வைத்த கூரைக்கோ வீட்டுக்கோ திரும்புங்கள்.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: படுக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்கள், கேட்டின் பெயர், இரவு 8 மணிக்கும் காலை 8 மணிக்கும் செய்தி அனுப்புவதாக உறுதி. காலை 10 மணிவரை தகவல் இல்லையென்றால் அவர் முதலில் தோட்டத்துக்கும் பிறகு 999க்கும் போன் செய்யவேண்டும்.

தண்ணீர்: டவுனிலிருந்தே கொண்டுபோவது

டிரேனிலும் குட்டையிலும் ஓடும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், களைக்கொல்லியும் உரமும் அப்படியே இருக்கும். ‘பாராகுவாட்’ என்ற களைக்கொல்லி 2020 ஜனவரியிலிருந்து நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டாலும் மற்ற மருந்துகள் தெளிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலிச் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிறு வெட்டுக்காயத்தின் வழியாகவே எலிக்காய்ச்சலைக் கொடுத்துவிடும். காயத்தோடு டிரேனில் இறங்கிக் கால் கழுவாதீர்கள்.

ஒருவருக்கு 5 லிட்டர். ஏறும்வரை ஒன்றரை, சமையலுக்கும் இரவுக்கும் ஒன்றரை, காலைக் கோப்பிக்கும் முகம் கழுவவும் முக்கால், இறங்கும் வழிக்கு முக்கால், கையிருப்பு அரை. கடைசிக் குழாய் குன்றடியிலேயே இருந்தால் டவுனிலிருந்து 2 லிட்டரோடு கிளம்பி அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள். 5 லிட்டர் என்றால் 5 கிலோ. 20 கி.மீ. முழுவதும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதை முந்தைய ஞாயிறே திறந்து பார்த்திருக்கவேண்டும்.

படுக்கை

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் பிவி பை, அதாவது மழை புகாத துணியால் தைத்து உடம்பையே உள்ளே போட்டுக்கொள்ளும் பை, இங்கே அப்படியே உதவாது. குளிர்நாட்டில் உடம்பின் ஈரம் உள்சூட்டால் துணியைத் தாண்டி வெளியே போகும். நம் தாழ்நிலத்தில் இரவு 23 முதல் 25 டிகிரி, காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும். ஈரம் போக இடமில்லாமல் பைக்குள்ளேயே தங்கிவிடும். விடியும்போது மழை பெய்யாமலே நனைந்திருப்பீர்கள். நம் ஊருக்குச் சரியானது கொசுவலையால் தைத்த பிவி, அதன் மேலே தனியாக ஒரு தார்ப்பாய். காற்று ஓடும், மழை வராது, கொசு வராது. போர்த்திக்கொள்ள ஒரு கைலியோ மெல்லிய பருத்தித் துணியோ போதும். 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். அப்போதுதான் ஸ்லீப்பிங் பேக் வேண்டியிருக்கும்.

தொட்டில் போல ஹேமொக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பால் வெட்டும் மரத்தில் கட்டாதீர்கள். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்துகொண்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். மெல்லிய, வழவழப்பான புதுத்தோல் அது. 70 கிலோ ஆள் இரவெல்லாம் அசையும்போது வார் அதை நசுக்கிவிடும். அந்த மரத்தை நம்பித்தான் ஒருவருக்குக் கூலி. அதோடு, விடியுமுன் தலைவிளக்கோடு வெட்ட வருபவர் உங்கள் கயிற்றில் தடுக்கி விழக்கூடும், அவர் கையில் கத்தி இருக்கும். வெட்டாத நிழல் மரத்தில், 20 செ.மீ. குறையாத தண்டில், 5 செ.மீ. அகல வாரால் கட்டுங்கள். தலைக்கு நேர் மேலே காய்ந்த கிளை இருந்தால் அந்த மரம் வேண்டாம். செம்பனை அடியிலும் படுக்கக்கூடாது: ஒரு பழக்குலை 10 முதல் 25 கிலோ, மட்டை முள்ளோடு விழும். வெட்டிய மட்டையை அடுக்கியிருக்கும் நிரைப் பக்கமும் போகாதீர்கள். எலி அங்கே, எலியைத் தேடி வரும் பாம்பும் அங்கே.

உச்சியிலேயே படுக்காமல், 10, 15 மீட்டர் கீழே, காற்று அடிக்காத பக்கத்தில் இடம் பாருங்கள். மழைநீர் ஓடிய தடம் இருக்கக்கூடாது. லாலாங் புல்லில் நேராகப் படுக்காதீர்கள். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் காய்ச்சலைக் கொடுக்கும். தரை வெறுமையான, சற்றுச் சாய்வான இடமே நல்லது. தலை மேட்டுப்பக்கம்.

சைக்கிளையே கம்பமாக வைத்துக் கூரை கட்டும் முறை இது. 3 × 3 மீட்டர் தார்ப்பாய், 2 மீட்டர் கயிறு எட்டு, ஆறங்குல ஆணி எட்டு வேண்டும். இறுகிய செம்மண்ணில் மெல்லிய அலுமினியக் குச்சி வளைந்துவிடும், ஹார்ட்வேர் கடை ஆணி வளையாது. முதலில் முன் பிரேக் லிவரை இழுத்து, பழைய டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் கைப்பிடியோடு சேர்த்து மாட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் நடுராத்திரி சைக்கிள் உருண்டு கூரை உங்கள் மேல் விழும். சைக்கிளைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, ஹேண்டில் தண்டிலிருந்து ஒன்றும் சீட்டுக்கடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு கயிற்றைக் காற்று போகும் பக்கம் இழுத்து ஆணியடியுங்கள். தார்ப்பாயை ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் மேல் போட்டு, அரை மீட்டரை அந்தப் பக்கம் இறவாரமாகத் தொங்கவிட்டு, நீண்ட பகுதியைக் காற்று வரும் பக்கம் தரைவரை இழுத்து மூன்று ஆணி அடியுங்கள். தார்ப்பாய் ஒரு பக்கம் இழுக்கும், கயிறு எதிர்ப்பக்கம் இழுக்கும், சைக்கிள் நடுவில் அசையாமல் நிற்கும். கீழே விரிக்கும் பாய், கூரை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் தண்ணீரை அதுவே பிடித்து உங்களுக்கு அடியில் கொண்டுவந்துவிடும். வீட்டுப் பின்புறத்தில் ஒருமுறை கட்டி, மேலே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடுங்கள்.

சைக்கிளும் சுமையும்

வீட்டிலிருக்கும் மலைச் சைக்கிள் போதும். டயர் 2.1 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. 70 கிலோ ஆளுக்குச் சுமையோடு, டியூப் போட்ட டயரில் பின்னால் 32 பி.எஸ்.ஐ., முன்னால் 28. டியூப்லெஸ் என்றால் நான்கு ஐந்து குறைத்துக்கொள்ளலாம். கல்போல் இறுக்கிய டயர் சரளையில் வழுக்கும். மிகத் தளர்ந்தால் ரிம்மில் அடிபட்டு டியூபில் பாம்புக் கடிபோல் இரட்டைத் துளை விழும். பிரேக் பேடில் தேயும் பகுதி ஒன்றரை மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். மழையில் கரைந்த செம்மண் உப்புத்தாள் மாதிரி, ஒரே இறக்கத்தில் பாதிப் பேடைத் தின்றுவிடும். உதிரியாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

தண்ணீரும் உணவும் தவிர்த்து மொத்தச் சுமை 7 கிலோவைத் தாண்டவேண்டாம். கனமானது நடுவிலும் கீழேயும்: சட்டத்துக்குள் தொங்கும் பையில் தண்ணீர், கருவி, அடுப்பு. ஹேண்டிலில் தார்ப்பாயும் வலையும் உருளையாக. சீட்டுக்குப் பின்னால் உடையும் போர்வையும் மட்டும். அங்கே கனத்தை வைத்தால் ஏறும்போது வால் ஆட்டும் நாய்போல் பை இடதும் வலதும் ஆடி முழங்காலைச் சோர வைத்துவிடும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் அந்தப் பைக்கும் டயருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி வேண்டும். ஆறு, ஏழு நூறு வெள்ளிக்குத் தனிப் பைகள் வாங்கவேண்டிய கட்டாயமில்லை. 10 லிட்டர் மழைப்பை இரண்டும், பழைய டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டிய வார்களும் அதே வேலையைச் செய்யும். கட்டி முடித்ததும் தாமான் வேகத்தடைகளில் நான்கு முறை ஏற்றி இறக்குங்கள். சத்தம் வரும் இடத்தில் ஏதோ தளர்ந்திருக்கிறது.

கருவிப் பையில்: டியூப் 2, ஒட்டு 6, கைப்பம்பு, சங்கிலி வெட்டியோடு கூடிய சிறு கருவி, சங்கிலி இணைப்பு 2, உங்கள் சைக்கிளுக்கே பொருந்தும் டிரெயிலியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடிக்கும் துண்டு) 1, பழைய டயரில் வெட்டிய தீப்பெட்டி அளவுத் துண்டு 1, எம்-5 போல்ட் 2, கேபிள் டை 6, முள்வாங்கி 1.

அந்த முள்வாங்கியை விட்டுவிடாதீர்கள். செம்பனை மட்டையின் அடிக்காம்பில் இருபுறமும் ரம்பம்போல் முள் இருக்கும். காய்ந்த முள் டயரில் ஏறி, வெளியே ஒடிந்து, 3 மி.மீ. நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுவிடும். டியூபை மாற்றிவிட்டுக் கிளம்புவீர்கள், பத்து நிமிடத்தில் புது டியூபும் போய்விடும். பலருடைய பயணம் இங்கேதான் முடிகிறது. டியூபைக் கழற்றுமுன் வால்வுக்கு நேரே டயரில் ஒரு அடையாளம் போடுங்கள். டியூபில் காற்றடித்துத் துளையைக் கண்டுபிடித்து, அது வால்விலிருந்து எத்தனை சாண் தூரம் என்று அளந்து, டயரில் இருபுறமும் அதே தூரத்தில் தேடுங்கள். விரலால் தடவினால் தெரியாது. பஞ்சையோ மெல்லிய துணியையோ உள்புறம் ஓட்டினால் நூல் மாட்டும். அங்கே டயரை வெளிப்பக்கமாக மடித்தால் நுனி தலைகாட்டும், முள்வாங்கியால் பிடுங்குங்கள். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள்.

சாலையின் குணம் பருவத்துக்குப் பருவம் மாறும். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்த்துவிடும். கணுக்கால் ஆழச் சருகுக்கடியில் குழியும் டிரேன் ஓரமும் மறைந்திருக்கும். ஜூலைக்குப் பிறகு ரப்பர் கொட்டை விழும், டயருக்கடியில் கோலிக்குண்டுபோல் உருளும். மழை பெய்தால் செம்மண்ணும் சருகும் சேர்ந்து அடைபோல் டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் இறுகிவிடும். அப்போது பலங்கொண்டு மிதித்தால் ஒடிவது ஹேங்கர். இறங்கி, புல் ஓரமாகத் தள்ளுங்கள். கீழே கிடக்கும் மட்டையில் நாலு ஈர்க்கை உருவினால் சேற்றை வழிக்க அதைவிட நல்ல கருவி இல்லை.

சாப்பாடு

இரவுக்குப் புளிச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறிய பிறகு வாழையிலையில் கட்டினால் மதியத்திலிருந்து இரவுவரை கெடாது. காலையில் தாப்பாவ் பண்ணிய (கட்டி வாங்கிய) நாசி லெமாக் இரவுக்கு ஊசிப்போயிருக்கும், தேங்காய்ப்பால் வெயிலில் தாங்காது. காலைக்குக் கோப்பியும் மெகியும், கூட இரண்டு வாழைப்பழம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 15 கிராம் கேஸ் ஆகும். இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு 60 கிராம் தாராளம். சிறிய டப்பா ஒன்று போதும். விறகுத் தீ வேண்டாம். காய்ந்த லாலாங்கில் ஒரு பொறி போதும், ஒரு தீம்பாரே எரிந்துவிடும். மீதி உணவைப் பையில் கட்டி, படுக்கையிலிருந்து பத்தடி தள்ளி ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிடுங்கள். காட்டுப்பன்றி மோப்பத்தில் வரும், குரங்கு விடியலில் வரும்.

இரவில்

மின்னல்தான் குன்றின் முதல் ஆபத்து. மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. ஒலி ஒரு கி.மீ. வர மூன்று விநாடி. படுக்கையை அப்படியே விட்டுவிட்டு, போனும் விளக்கும் சாவியும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். தார்ப்பாய் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, தனிமரமும் கோபுரமும் இல்லை. சுவரும் கூரையும் உள்ள கட்டடம்தான் வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்துத்தான் மேலே திரும்பலாம். ஐந்து மணிக்கே ஜெராய் கறுத்து, காற்று குளிர்ந்து வீசினால் ஏறவே வேண்டாம்.

பொழுது சாயும்போது நீளக் காற்சட்டை, காலுறைக்குள் செருகியபடி. அட்டை ஏறியிருந்தால் பிய்க்காமலும் சுடாமலும், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து அதன் வாய்ப்பக்கம் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் வெகுநேரம் கசிவது இயல்பு, அழுத்திப் பிடித்துத் துணி கட்டுங்கள். சப்பாத்தைப் பைக்குள் போட்டுக் கட்டி வையுங்கள், காலையில் தட்டிப் பார்த்துப் போடுங்கள். பூரானும் தேளும் ஈரமும் சூடும் உள்ள இடம் தேடி வரும். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி, 999ஐ அழையுங்கள். இந்தப் பகுதிக்குப் பெரிய அரசாங்க மருத்துவமனை சுங்கை பட்டாணியில் உள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை.

இறங்குவதும் பிறகும்

வெளிச்சம் 7 மணியை ஒட்டித்தான் வரும், பிப்ரவரியில் சூரியனே 7.30 தாண்டித்தான். பனித்துளியில் நனைந்த தார்ப்பாயை உதறி மடித்து, தரையில் அடித்த ஆணிகளை எண்ணி எடுங்கள். எட்டு அடித்திருந்தால் எட்டும் வரவேண்டும். விட்டுப்போன ஒன்று பழ லோரியின் டயரில் ஏறும். கிளம்புமுன் பைகளின் வார்களை மறுபடி இறுக்குங்கள், தண்ணீர் தீர்ந்ததால் பை தளர்ந்திருக்கும். முதல் நூறு மீட்டரில் இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடி வராமல், சில விநாடி அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், சரளை மேல் வளைவில் பிடித்தால் முன்சக்கரம் போய்விடும். கேட்டில் நின்று ஜாகாவிடம் வெளியே போகிறோம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் வேறு வழியில் போய்விட்டால் உங்களைத் தேடி அவர் குன்றேறவேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாயையும் வலையையும் அன்றைக்கே நிழலில் காயப்போடுங்கள். சுருட்டியபடி இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். உடுத்தியிருந்த துணியை வெந்நீரில் துவைத்துவிட்டு, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் பெனடோல் போட்டுக்கொண்டு படுத்துவிடாமல் கிளினிக் போங்கள். டிங்கி, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், குரங்கு மலேரியா எல்லாம் முதல் இரண்டு நாள் ஒரே மாதிரி இருக்கும். உட்கார்ந்தவுடன் முதல் வாக்கியமாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்: இன்ன தேதியில், இன்ன தோட்டத்தில், வெளியே தரையில் படுத்திருந்தேன். எந்த இரத்தப் பரிசோதனை எடுப்பது என்று அவர் முடிவுசெய்ய அந்தத் தேதி வேண்டும்.